மாரீஸ்வரி கையெழுத்துப் போடாத பெர்மிட்

மும்பை செம்பூரில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அதன் பின்பக்கத்தில் ஏழு மாடிக்கு மாணவியர் விடுதி கட்டியிருக்கிறார்கள். விடுதிக்கும் பின்சுவருக்கும் நடுவே முப்பது மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமுமாகப் புதர் மண்டிய நிலம் அப்படியே கிடக்கிறது. இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியவர்கள் இதை மட்டும் ஏன் சுத்தம் செய்யாமல் விட்டார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். மறந்துபோய் விட்ட இடம் இல்லை அது. பதினான்கு மாதம் ஒருவர் மல்லுக்கட்டிக் காப்பாற்றிக் கொடுத்த இடம். அவர் தாராவி மாரீஸ்வரி.

மாரீஸ்வரிக்கு இப்போது நாற்பது வயது. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமானது எல்லாம் தாராவியில்தான். அப்பா தளவாய் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்ததும் மாரீஸ்வரி பை தைக்கப் போனார். இருபத்தாறு வயதில் வடாலாவில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் வாசல் ரிஜிஸ்டர் எழுதும் வேலை கிடைத்தது. காலையில் வருகிறவர் பெயரும் நேரமும் ஒரு கட்டம். மாலையில் போகிற நேரம் இன்னொரு கட்டம். கையெழுத்து நன்றாக இருக்கும், இந்தியும் எழுதுவார் என்பதால் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு நாள் பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவனின் போகிற நேரம் எழுதப்படவே இல்லை. தோண்டிய குழியில் மண் சரிந்துவிட்டது.

"காலையில அவன் பேர எழுதினது நாந்தான். அந்தக் கட்டம் காலியா கெடந்துச்சு. அத பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றார் என்னிடம். இதை எழுதுவதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவரோடு பேசினேன். இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் அவர் குரல் இறங்கியது.

மறு வருஷம் தாதரில் மாலை வகுப்பில் சேர்ந்து பாதுகாப்பு மேற்பார்வைக்கு டிப்ளமா வாங்கினார். வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் ஓரக்குறிப்பு எழுதிக்கொண்டு படித்தார். அதன்பின் குர்லா, காட்கோபர், மான்குர்த் என்று வேலைத்தளங்கள். கடைசியாகச் செம்பூர்க் கல்லூரி.

வேலைத்தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளருக்குச் சம்பளம் பெரிதில்லை. ஆனால் ஒரு அதிகாரம் உண்டு. மண் தோண்ட, உயரத்தில் ஏற, வெல்டிங் பற்றவைக்க, எதற்கும் பெர்மிட் என்று ஒரு தாள் வேண்டும். அதன் அடியில் அவர் கையெழுத்து விழாமல் வேலை தொடங்கக்கூடாது. பல இடங்களில் அது வெறும் சடங்காகிவிட்டது. மாரீஸ்வரி மட்டும் இடத்தைப் போய்ப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார்.

கல்லூரி வேலை செப்டம்பரில் தொடங்கியது. மாரீஸ்வரி சேர்ந்த இரண்டாவது நாள், பின்சுவர் ஓரம் புதருக்குள் ஒரு பெண் குனிந்து நிற்பதைப் பார்த்தார். பருத்திப் புடவை, தோளில் பை, கையில் நோட்டு. தலையில் ஹெல்மெட் இல்லை. விசிலை ஊதிக்கொண்டே ஓடினார்.

"டீச்சரா நீங்க? ஹெல்மெட் இல்லாம இங்கன நிக்கக் கூடாது. பின்னாடி மெஷின் ஓடுதுல்லா?"

அந்தப் பெண் நிமிரவில்லை. "ஒரு நிமிஷம். பதினாறு, பதினேழு... ஆச்சு. நான் நாலு வருஷமா தினமும் இங்கே வந்துண்டிருக்கேன். நீங்க நேத்திக்குத்தானே வந்தேள்?"

"நேத்து வந்தாலும் போன வருசம் வந்தாலும் தலைக்கு ஹெல்மெட் வேணும்."

அவர் பெயர் ஷ்ருதி. மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். அந்தக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. மாரீஸ்வரி தன் ஹெல்மெட்டையே கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் கேட்டார்: "அப்படி என்னத்த எண்ணுதீங்க?"

ஷ்ருதி ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்புறம் கருஞ்சிவப்பில் தடித்த புழு. உடம்பெங்கும் செம்மஞ்சள் நிறத்தில் மொட்டு மொட்டாகச் சதைமுனைகள். மாரீஸ்வரி இரண்டடி பின்னால் போனார்.

"கடிக்காது. இதுதான் பட்டாம்பூச்சி ஆகும். கறுப்பு இறகு, ரத்தச் சிவப்பு உடம்பு, பார்த்திருப்பேளே? அதோட புழு இந்தக் கொடிய மட்டும்தான் திங்கும். வேற எந்த இலையக் குடுத்தாலும் பட்டினி கெடந்து செத்துப்போகும்."

பழைய முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது அந்தக் கொடி. காய்கள் வெடித்து, நூலில் கட்டித் தொங்கவிட்ட சின்னச் சின்னத் தட்டுகள் போல ஆடிக்கொண்டிருந்தன. மாரீஸ்வரிக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது. "இது தராசுக்கொடில்லா? எங்க அப்பா பாம்புக்கடிக்கு மருந்தும்பாரு."

"நாங்க ஈஸ்வரமூலின்னு சொல்லுவோம். உங்க பேர்லயே பாதி இருக்கு பாருங்கோ."

இந்த வட்டாரத்தில் ஐந்து இடங்களில் அந்தக் கொடி இருந்ததாம். நான்கு இடங்களில் இப்போது கட்டடங்கள். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். மூன்று தூர் இருக்கின்றன; இது போனால் செம்பூரின் இந்தப் பக்கத்தில் அந்தப் பட்டாம்பூச்சி முட்டையிட இலை கிடையாது. விடுதி கட்ட முடிவெடுத்தபோது ஷ்ருதி கட்டடக் குழுவிடம் மன்றாடி, "பின்சுவரை ஒட்டிய பட்டையில் எந்த வேலையும் கூடாது" என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுத வைத்திருந்தார். அதன் நகல் ஒன்றை மாரீஸ்வரியிடம் கொடுத்தார். மாரீஸ்வரி அதை மடித்துத் தன் பெர்மிட் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அந்த வரி வரைபடத்துக்கு வரவேயில்லை. ஒப்பந்தக்காரர்கள் வேலைத்தளத்துக்குப் போட்ட படத்தில், அதே எட்டு மீட்டர் பட்டை 'கம்பி அடுக்கும் இடம்' என்று குறிக்கப்பட்டிருந்தது.

அக்டோபரில் ஒரு காலை. கம்பி ஏற்றிய டிரெய்லர் ஆறரை மணிக்கே வந்து ரோட்டில் நின்றுவிட்டது. எட்டு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. திட்ட மேலாளர் நகுல் டோம்பிவிலியிலிருந்து வருகிறவர். நல்ல வேலைக்காரர், பொறுமை மட்டும் கம்மி. ஜேசிபி ஓட்டும் உதுமானைக் கூப்பிட்டு, பின்பட்டையை அரை மணியில் வழித்துச் சமப்படுத்தச் சொன்னார். உதுமான் கடையநல்லூர்க்காரர், ஐம்பத்தைந்து வயது. இஞ்சினை ஓடவிட்டபடியே மாரீஸ்வரியைப் பார்த்துக் கத்தினார்: "தங்கச்சி, பெர்மிட்டு!"

மாரீஸ்வரி தாளை எடுத்துக்கொண்டு பின்பட்டைக்குப் போனார். மழை ஓய்ந்த அக்டோபரில் கொடி தழைத்து நின்றது. எண்ணத் தெரியாத அவருக்கே ஒரு பார்வையில் பத்துப் புழு கண்ணில் பட்டது. ஒரு குச்சியில் கூட்டுப்புழு தொங்கியது.

பெர்மிட்டில் ஏழாவது கேள்வி: இந்த இடத்தில் பாதுகாக்க வேண்டியது ஏதேனும் உள்ளதா? வழக்கமாக மின்சாரக் கேபிள், கேஸ் குழாய் என்று எழுதுவார்கள். மாரீஸ்வரி அங்கே ஆங்கிலத்தில் 'புழு' என்று எழுதினார். எழுத்துப் பிழையோடுதான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார், காட்டும்போது சிரித்தார். அடியில் கையெழுத்துக் கட்டம் காலி.

நகுலோடு எப்போதும் இந்தியில்தான் பேச்சு. "படத்துல அது கம்பி யார்டு. உனக்குத் தெரியாதா?" என்றார் நகுல்.

"தெரியும் சார். கூட்டக் குறிப்புல வேற எழுதியிருக்கு. ரெண்டும் ஒண்ணாகுற வரைக்கும் நான் போட மாட்டேன்."

"உன்னை வேலைக்கு வைத்தது மனுஷங்களைப் பார்க்க. பூச்சியைப் பார்க்க இல்லை."

வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று மாரீஸ்வரியின் மனதில் ஓடியது. ஆனாலும் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, "கம்பிக்கு வேற எடம் நான் காட்டுதேன் சார். இருபது நிமிசம் குடுங்க" என்றார். நகுல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதுமான் இஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றது பெரிய தைரியமாக இருந்ததாம்.

கம்பி பன்னிரண்டு மீட்டர் நீளம். நேராகப் பதினான்கு மீட்டர் இடம் வேண்டும். டிரெய்லர் திரும்ப வழி வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு வளாகம் முழுக்க நடந்தார். கேண்டீன் ஓரம் பத்து மீட்டர்தான். பாட்மிண்டன் களம் அருகே மரம். கடைசியில் ஒரே இடம்தான் தேறியது: முன்பக்கம், கூரை போட்ட கார் நிறுத்தம். பதினைந்தரை மீட்டர். முதல்வரின் கார் நிற்கும் இடம்.

முதல்வர் பத்ரிநாராயணன் தினமும் காலையில் மைதானத்தில் நடப்பார். கேன்வாஸ் ஷூவும் காதில் கம்பளிப் பட்டையுமாக வந்துகொண்டிருந்தவரை மாரீஸ்வரி வழிமறித்தார். அதுவரை அவரிடம் பேசியதே இல்லை. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

"எத்தனை நாளைக்கு என் எடம் வேணும்?"

"மேல் தளம் முடியுற வரைக்கும் சார். ஏழு மாசம்."

"ஏழு மாசமா? வெயில்ல கார் வெந்துடுமே!"

மாரீஸ்வரி கூட்டக் குறிப்பை நீட்டினார். முதல்வர் கண்ணாடியைத் தேடினார். வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். தாளைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். "இது நான் போட்டது. படிச்சுட்டுத்தான் போட்டேன்னு காட்டணுமே இப்போ" என்றார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "காரைத் தள்ளிப் போடச் சொல்லு" என்றார்.

ஏழே முக்காலுக்கு முதல் கட்டுக் கம்பி முன்பக்கம் இறங்கியது.

நகுல் ஒரு வாரம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. ஆசிரியர்களில் பாதிப்பேர், கார் நிறுத்த இடமில்லாமல் போனதற்கு மாரீஸ்வரியைச் சாடையாகப் பேசினார்கள். எட்டாவது நாள் நகுல் ஒரு புதிய வரைபடத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பின்பட்டையில் சாய்வுக் கோடுகள் போட்டு 'நுழையக்கூடாது' என்று எழுதியிருந்தது.

இடத்தைக் காப்பாற்றியது எளிது, அதற்குப் பிறகுதான் கஷ்டம் என்பார் மாரீஸ்வரி. கட்டடம் எழும்ப எழும்பச் சிமெண்டுத் தூசி இறங்கி இலையெல்லாம் வெளுத்தது. நவம்பரில் ஷ்ருதி எண்ணியபோது புழு பாதியாகக் குறைந்திருந்தது. சாம்பல் பூசிய இலையைத் தின்னாமல் சில புழுக்கள் சுருண்டு கிடந்தன.

இரும்பு அறுக்கும் மெஷினையும் கல் அறுப்பதையும் கிழக்கு மூலைக்கு மாற்றச் சொன்னார் மாரீஸ்வரி. தூசியால் ஆட்களுக்கும் இருமல் இருந்தது, அதனால் நகுல் மறுக்கவில்லை. பட்டைக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஆறு மீட்டர் உயரத்துக்குப் பச்சை வலை கட்ட வேண்டும். வலை இருந்தது, காற்றில் சாயாமல் நிற்கிற தாங்கிகள்தான் இல்லை.

அவர் கணவர் வேல்ராஜ் குர்லாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். இரவுச் சாப்பாட்டின்போது மாரீஸ்வரி சொன்னதைக் கேட்டுவிட்டு வேல்ராஜ் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"பட்டாம்பூச்சிக்கு எடம் பிடிச்சுக் குடுத்துட்ட. தாராவிய இடிச்சுக் கட்டணும்னு நம்ம கதவுல சர்வே நம்பர் எழுதிட்டுப் போயிருக்கான். நம்மள எங்க தூக்கிப் போடுவான்னு தெரியல. அதுக்கு எந்தப் பெர்மிட்ட நிறுத்துவ?"

"அது என் கையில இல்ல. இது இருக்கு."

அந்த வாரமே வேல்ராஜ் பட்டறையில் மிஞ்சிய குழாய்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, பன்னிரண்டு தாங்கிகள் அடித்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அடித்தட்டு அகலமாக, நான்கு பக்கமும் தோள் கொடுத்து. "சூறாவளி வந்தாலும் நிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்றரை மணி ரயிலைப் பிடித்துப் போனார்.

ஆட்களைப் பழக்குவது வேறு வேலை. ஜார்க்கண்ட், வங்காளம், உத்தரப் பிரதேசம் என்று நூற்றிருபது பேர். ஒதுங்கப் பின்பட்டைக்குப் போவார்கள். எதையாவது கட்டக் கயிறாகக் கொடியை அறுப்பார்கள். தினமும் காலை எட்டு மணிக் கூட்டத்தில் அன்றைய ஆபத்துகளைச் சொல்வது மாரீஸ்வரியின் வேலை. பெல்ட் போடு, பலகையில் நடக்காதே என்று சொல்லி முடித்ததும் பட்டாம்பூச்சியைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச ஆரம்பித்தார். முதல் நாள் கொல்லென்று சிரித்தார்கள். 'தித்லி மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தித்லி என்றால் பட்டாம்பூச்சி.

மாரீஸ்வரி கோபப்படவில்லை. பத்துப் பத்துப் பேராக வலை வேலி ஓரம் கூட்டிப்போய்க் கூட்டுப்புழுவைக் காட்டினார். காய்ந்த இலை சுருண்டு தொங்குகிற மாதிரிதான் இருக்கும். கம்பி கட்டும் ஆள் ஒருவர், "இதுக்குள்ளயா உயிர் இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் டீ இடைவேளையில் அதிலிருந்து ஈரச் சிறகோடு ஒன்று வெளியே வந்து தொங்கியது. இருபது பேர் டீ ஆற ஆற நின்று பார்த்தார்கள்.

வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி ஒவ்வொரு நாளும் மாரீஸ்வரி எண்ணை மாற்றுவார். டிசம்பரில் ஒரு காலை அவர் வந்தபோது அதன் கீழே யாரோ சுண்ணாம்புக் கட்டியால் இந்தியில் 'தித்லி: 3' என்று எழுதியிருந்தார்கள். யார் என்று கேட்கவில்லை. மறுநாள் ஐந்தானது. அன்றன்று ஆட்கள் கண்ணில் பட்ட பட்டாம்பூச்சிகளின் கணக்கு அது. அதற்குப் பிறகு அந்த எண்ணை மாற்ற அவர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை டைல் லாரி பின்பக்கமாக வலையை நெருங்கியபோது, மாரீஸ்வரி ஓடி வருவதற்குள் நான்கு பேர் லாரிக்குப் பின்னால் நின்று கைதட்டி நிறுத்தினார்கள்.

"அன்னைக்கு எனக்கு நெஞ்சு இப்படி வந்துச்சு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

கோடையில் கொடி காய்ந்து நரம்பாகியது. செத்துவிட்டது, இனி எதற்கு வேலி என்றார்கள். வேர் இருக்கிறது, மழை விழட்டும் என்றார் ஷ்ருதி. ஜூனில் நான்கு மழைக்குப் பிறகு மூன்று தூரிலும் துளிர் விட்டது.

ஆகஸ்ட் கடைசியில்தான் சோதனை வந்தது. விடுதியின் கழிவுநீர்க் குழாயை வெளியே நகராட்சிக் குழாயோடு இணைக்க வேண்டும். அதற்கான பாதை முதல் நாளிலிருந்தே அங்கீகரித்த படத்தில் இருந்தது. பட்டையின் மேற்கு முனையில், மூன்றாவது தூர் வழியாக. பாதையை வளைக்க முடியுமா என்று நகுலே வடிவமைப்பாளரைக் கேட்டார். வளைத்தால் தண்ணீர் ஓடச் சரிவு போதாது என்று பதில் வந்தது.

குழாய் வேலைக்காரர் ஒரு வழி சொன்னார். இரண்டு பக்கமும் குழி தோண்டி, நாலு ஆளை இறக்கி, தூருக்கு அடியில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கையாலேயே குடைந்து குழாயைத் தள்ளிவிடலாம். மேலே கொடி அசையாது. நகுலுக்குச் சம்மதம். ஷ்ருதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். பெர்மிட் மாரீஸ்வரியிடம் வந்தது.

அவர் போய்ப் பார்த்தார். மூன்று நாள் மழையில் ஊறிய மண். பூட்ஸ் குதிகாலால் அழுத்தினார்; பள்ளம் விழுந்து உடனே தண்ணீர் கசிந்தது. ஃபைலை மூடினார்.

"இது ஆகாது சார். ஈர மண்ணு. அடியில குடைஞ்சா சரியும்."

ஷ்ருதி திகைத்துப் போனார். "மாரீஸ்வரி, நீங்களா சொல்றேள்? இதுக்காகத்தானே இவ்ளோ நாள் நின்னேள்!"

"டீச்சர், நான் அந்தப் புழுவ ஒவ்வொண்ணா எண்ணியிருக்கேன். ஆனா கீழ எறங்குறவன் வீட்டுக்குப் போகணும். கொடிய காப்பாத்த ஆள அடியில வச்சுப் பாக்க என்னால முடியாது. நீங்க கோவிச்சாலும் சரி."

ஷ்ருதி வகுப்புக்குப் போய்விட்டார். மாரீஸ்வரி வேலி ஓரம் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போது உதுமான் வந்து பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, ஆள விட்டு அடியில குடைய வேண்டாம். வண்டிய வேலிக்கு வெளிய நிறுத்திக்கிட்டு கைய மட்டும் உள்ள நீட்டுதேன். தூர மண்ணோட அப்படியே அள்ளி ஓரமா வைக்கேன். மண்ணு விழாம ரெண்டு பக்கமும் சரிவா வெட்டி, குழாயப் போட்டு மூடி, சாயந்திரம் அதே எடத்துல வச்சுருவோம். பொழைக்குமா பொழைக்காதான்னு எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கு நான் பொறுப்பு."

மாரீஸ்வரி அதற்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஷ்ருதி நான்கு மாணவிகளோடு வந்தார். முகம் இறுகித்தான் இருந்தது. ஆனாலும் ஹெல்மெட் போட்டிருந்தார். மூன்றாவது தூரிலிருந்து புழுக்களை இலையோடு கிள்ளி மற்ற இரண்டு தூருக்கும் மாற்றினார்கள். முப்பத்தேழு புழு. கூட்டுப்புழு இருந்த குச்சிகளை ஒடித்து முள்கம்பியில் கட்டினார்கள். மாரீஸ்வரியும் கூட நின்று கிள்ளினார். தொடப் பயந்த புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு உதுமான் ஜேசிபியின் கையை, அவிழ்த்துத் தாழ்த்திய வலைக்கு மேலாக நீட்டி இறக்கியது இருக்கிறதே, அதைப் பார்க்க ஆறாவது மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்களாம். வாளியின் பல் மண்ணில் இறங்கியது தெரியவில்லை. ஒரு மீட்டர் அகல மண்பாளம், மேலே கொடியோடு, உதிராமல் எழும்பி விரித்த சாக்கின் மேல் உட்கார்ந்தது. குழிக்குள் ஆள் இறங்கும் முன் மாரீஸ்வரி சரிவை அளந்தார். இறங்கியவர்கள் ஏறும்வரை விளிம்பை விட்டு நகரவில்லை. மாலை ஐந்தரைக்குக் குழாய் மூடி, பாளம் பழைய இடத்தில் வைக்கப்பட்டது.

அந்தத் தூர் பிழைக்கவில்லை. இரண்டு வாரத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்து, தண்டு கறுத்தது. மாரீஸ்வரி தினமும் தண்ணீர் ஊற்றினார், பலன் இல்லை. ஒரு நாள் ஷ்ருதி வந்து பக்கத்தில் நின்றார். "முப்பத்தேழுல முப்பத்தொண்ணு கூட்டுப்புழுவாயிடுத்து" என்றார். பிறகு, "அன்னிக்கு நான் பேசினது தப்பு. அந்தக் குழியில என் தம்பி எறங்கியிருந்தா நான் ஒத்துண்டிருக்க மாட்டேன்" என்றார். மாரீஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நவம்பரில் விடுதி திறந்தார்கள். மேடையில் மாரீஸ்வரி பெயர் சொல்லப்படவில்லை. கம்பி கட்டுகிற, சென்ட்ரிங் அடிக்கிறவர்களின் பெயரும் சொல்லப்படவில்லை என்பதால் அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாசல் பலகையில் கடைசி நாள் எழுதியிருந்த இரண்டு எண்களைத்தான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். விபத்து இல்லாத நாட்கள்: 421. தித்லி: 34. வேலை தொடங்கும் முன் ஷ்ருதி ஒரே நாளில் அதிகபட்சமாக எண்ணிய பட்டாம்பூச்சிகள் பத்தொன்பது.

வெடித்த காய்களிலிருந்து ஷ்ருதி சேர்த்து வைத்த விதையில் பதினொரு கன்று வந்தது. இந்த வருஷ மழையில் அவற்றை மேற்கு முனையில் நட்டார்கள். அதற்காக மாரீஸ்வரி வாஷியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தார். இப்போது அவருக்கு வேலை அங்கேதான். நகுல் புதிய தளத்துக்குப் பொறுப்பேற்றபோது, பாதுகாப்புக்கு யார் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். மாரீஸ்வரி இல்லாமல் வேலை தொடங்க மாட்டேன் என்று அவர் எழுதியே கொடுத்தாராம்.

ஆகஸ்டில் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் கட்டடப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பேச அழைத்தார்கள். ஷ்ருதி ஏற்பாடு. மாரீஸ்வரி தன் மஞ்சள் ஜாக்கெட்டைத் துவைத்து இஸ்திரி போட்டுப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு போனார். பாதி இந்தி, பாதி தமிழ், நடுநடுவே ஆங்கிலச் சொல். நூற்றைம்பது பிள்ளைகள். ஒருவன் எழுந்து, "மேனேஜர் கேட்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்றான்.

"கேக்குற வரைக்கும் சொல்லணும். சொல்லும்போது கையில டேப் இருக்கணும். இது முடியாதுன்னு மட்டும் சொன்னா யாரும் நிக்க மாட்டாங்க. இப்படி முடியும்னு அளந்து காட்டணும்" என்றார். பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள்.

கடைசி வரிசையில் வேல்ராஜ் உட்கார்ந்திருந்தார். குர்லாவில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டில் சொல்லாமல் வந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் இருவரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். கோயிலைத் தாண்டினார்கள்.

"எப்படிப் பேசினேன்?" என்று மாரீஸ்வரி கேட்டார்.

"நல்லாப் பேசுன. மைக்க மட்டும் வாய்க்குள்ள வச்சுக்கிட்ட."

மாரீஸ்வரி சிரித்த சிரிப்பில் முன்னால் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே, கூட்டத்துக்குள் நிமிர்ந்து நடந்தார்.